டேப்போடு வருகிறவர்கள் கொஞ்சம் திண்ணையிலும் உட்காரட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பழைய வீட்டை அளக்கக் கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் வந்திருந்தார்கள். தெருக்காரன் என்ற முறையில் நானும் கூடவே போனேன். கூரையை அண்ணாந்து பார்த்த ஒரு பெண், "இது மெட்ராஸ் டெரஸ்" என்று விளக்கினாள். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் கோணலாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்டு, அதற்கு மேல் செங்கல் ஜல்லி கொட்டி இறுக்குவார்களாம்.

வாசல் பக்கம் குந்தியிருந்த வீட்டு ஆயா சும்மா இருக்கவில்லை.

"இறுக்குறதுன்னா லேசா பாப்பா? கடுக்காயும் வெல்லமும் ஊறவச்ச தண்ணிய தெளிச்சுக்கினே பொம்பளைங்க வரிசையா குந்தி கட்டையால அடிக்கணும். எங்கம்மா கூலிக்கு அடிச்சவ."

"எவ்ளோ நாள் ஆயா அடிப்பாங்க?"

"இறுகுற வரைக்கும்தான். கட்டை தானா மேல எகிறும், சத்தம் மாறும். அப்பதான் விடணும்."

அந்தப் பெண் டேப்பைக் கீழே வைத்துவிட்டு ஆயா பக்கத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். வடசென்னையின் பழமையை ஆராய்கிற வேலை இப்படித்தான் நடக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வேறு மாதிரி நடந்ததையும் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவுக்கு ஒரு குழு வந்தது. படம் எடுத்தார்கள், கதவுகளில் சாக்பீஸால் நம்பர் போட்டார்கள். எதுக்கு என்று கேட்ட என் நைனாவுக்கு "சர்வே" என்ற ஒரே வார்த்தைதான் பதில். வீட்டை எடுத்துக்கப் போறாங்க என்று தெரு முழுக்கப் பயம் பரவியது. அடுத்த மாதமே பக்கத்து வீட்டில் திண்ணைத் தூண்களைப் பிடுங்கி விற்றுவிட்டு, முகப்பில் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். காப்பாற்ற வந்தவர்கள் திண்ணையில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசியிருந்தால் அந்தத் தூண்கள் இன்றைக்கும் நின்றிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

படித்தவர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். பழைய சுண்ணாம்புச் சுவரில் நாங்கள் சிமென்ட் பூசிப் பூசி, ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்துக் காரை உதிர்கிறது. கடற்காத்துதான் காரணம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், சிமென்ட் அதை அடைத்துவிடும் என்று அந்தப் பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது.

திருவொற்றியூர் பக்கம் இருக்கிற காலடிப்பேட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1717 முதல் 1720 வரை கம்பெனி ஆட்சியில் சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர், காலெட்பேட்டைதான் காலடிப்பேட்டை ஆனது என்று வரலாறு படித்தவர்கள் சொல்வார்கள். அங்குள்ள வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் கேட்டால், காலெட்டிடம் வேலை பார்த்த வீரராகவன் காஞ்சி வரதராஜர் மேல் வைத்திருந்த பக்தியையும் அதனால் எழுந்த கோயிலையும் கதையாகச் சொல்வார்கள். எனக்கு ரெண்டும் வேண்டும்.

மரபு நடை என்று பழைய இடங்களைக் காட்ட நடத்திக் கூட்டிப்போனால் 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷன் முன்னால் நின்று படம் எடுப்பதோடு முடிந்துவிடுகிறது. சரி, அது வேண்டியதுதான். பெரம்பூர் பின்னி துணி மில்லை என்ன செய்வீர்கள்? 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்ததே அந்தத் தொழிலாளர்களால்தான். மில் மூடிப் பல வருஷம் ஆயிற்று. சங்கு ஊதியதும் எந்தச் சந்து வழியாக ஆட்கள் ஓடினார்கள், வேலைநிறுத்தத்தில் எந்த மளிகைக்கடை கடன் கொடுத்தது என்பதெல்லாம் அங்கே வாழ்ந்த பெரியவர்களைக் கேட்டால்தான் கிடைக்கும். அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் நான் கேட்பது ரெண்டே விஷயம். அளக்க வருகிறவர்கள் முதல் நாளே தெருவைக் கூப்பிட்டுப் பேசட்டும். எழுதியதைத் தமிழில், எங்கேயும் கொடுப்பதற்கு முன்னால், அதே தெருவில் காட்டட்டும்.

அந்தப் பெண் நேற்று வரைபடத்தோடு திரும்பி வந்தாள். ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பின்கட்டில் ஒரு மூலையை விரலால் தொட்டார்.

"இங்க கிணறு இருந்துச்சு. தூர்த்துட்டோம். போட்டுக்க பாப்பா."

போட்டுக்கொண்டாள்.