தாடைக்கு வைப்பது நோயாளியின் சொந்தக் கால் எலும்பு

வாய்ப் புற்றுநோய்க்காகத் தாடையை எடுத்தால் வேறொருவரின் எலும்பைத்தான் வைப்பார்கள், உடம்பு அதை ஏற்றுக்கொள்ள ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு, இதைப் படித்துவிட்டு யாராவது ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் கட்டி காத்திருக்காது.

பெரும்பாலும் எடுப்பது நோயாளியின் சொந்த எலும்பைத்தான். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய ஃபிபுலா எலும்பை, அதற்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி, சிரையோடும் தேவைப்பட்டால் மேலுள்ள தோலோடும் சேர்த்து எடுத்து, தாடையின் வளைவுக்கு ஏற்ப இரண்டு மூன்று துண்டாக வெட்டி டைட்டானியம் பிளேட்டில் பொருத்துவார்கள். அப்புறம் மைக்ரோஸ்கோப் வைத்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமே உள்ள அந்தக் குழாய்களைக் கழுத்துக் குழாய்களோடு தைப்பார்கள். கூட வந்த தோல்தான் வாயின் உள்பக்கத்தை மூடுகிறது. 1989-இல் ஹிடால்கோ என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் தாடைக்கு இதைச் செய்து காட்டியதிலிருந்து உலகம் முழுக்க நடக்கிறது. சொந்தத் திசு என்பதால் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரையே வேண்டாம்.

உண்மையான பயம் முதல் இரண்டு மூன்று நாள்தான். தைத்த குழாயில் ரத்தம் உறைந்துவிட்டால் வைத்த தோல் நீலம் பாயும் அல்லது வெளிறும்; அதனால்தான் நர்ஸ் ராத்திரியெல்லாம் வந்து வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார்.

கால் எலும்பை எடுத்தால் நடக்க முடியாமல் போகும் என்று சிலர் பயப்படுவதும் சரியில்லை. உடல் எடையைத் தாங்குவது முக்கியமாகப் பக்கத்திலுள்ள பெரிய எலும்பு. கணுக்காலும் முழங்காலும் ஆட்டம் காணாதபடி ஃபிபுலாவின் இரு முனைகளையும் விட்டுவிடுவார்கள். கொஞ்ச நாள் வலி, கால் கட்டைவிரலை மடக்குவதில் பலவீனம் வரலாம், அதை மறைக்கவில்லை. காலின் ரத்தக்குழாய்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்களா என்று மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள், குறிப்பாகச் சர்க்கரையோ புகைப்பழக்கமோ இருந்தால்.