இனித்தான் நிகழ்ச்சி ஆரம்பமாம்

சனிக்கிழமை இரவு யாழ்ப்பாணத்தில் நடந்த சினிமாப் பாட்டுக் கொன்சேட்டில் என்ன நடந்தது என்று நான் விபரிக்கப் போவதில்லை. என் நண்பர் பட்டியலில் பாதிப்பேர் அங்கேதான் நின்றீர்கள். மிச்சப்பேர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். லைற் நன்றாக இருந்தது. சவுண்ட் நெஞ்சுக்குள் இடித்தது. பாடினவர்கள் நன்றாகப் பாடினார்கள். கொடுத்த காசுக்குக் குறையில்லை. சரி.

எனக்குப் பிரச்சினை ஒரு வசனம். ஒரேயொரு வசனம்.

பாட வந்த விருந்தினரை வாசலில் இருந்து மேடைவரை கூட்டிக்கொண்டு வந்தது எங்கள் ஊர் மேளம். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில். வாகனம் பிந்தியதால் முக்கால் மணித்தியாலம் வாசலில் நின்றபடியே வாசித்தார்கள். ஒரு கதிரைகூட இல்லை. தவிலைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு முக்கால் மணித்தியாலம் நின்று பாருங்கள், தெரியும். மேடைப் படிக்குக் கிட்ட வந்ததும் ஒரு பொடியன் கையைக் காட்டி நிற்பாட்டினான். தீர்மானம், அதாவது வாசிப்பை முடித்துவைக்கிற தாளக்கட்டு, அதை வைக்கக்கூட விடவில்லை. அடுத்த நொடி அறிவிப்பாளர் மைக்கில் வந்தார்: "யாழ்ப்பாணமே, இனித்தான் நிகழ்ச்சி ஆரம்பம்! லைவ் கொன்சேட் எண்டா என்ன எண்டு இண்டைக்குத்தான் முதன்முதலாப் பாக்கப் போறீங்கள்!"

இனித்தான் ஆரம்பமாம். அப்போ அதுவரை நடந்தது என்ன ராசா? மைக் செக்கிங்கா?

முதன்முதலாம். 2023 ஒக்டோபரில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் யாழ்ப்பாணம் முற்றவெளி மைதானத்தில் இலவசமாக நடத்தினாரே, அது என்ன? போர் முடிந்து இரண்டு வருடத்தில், 2011இல், கர்நாடக சங்கீதப் பாடகர் டி.எம். கிருஷ்ணா வடக்குக்கு வந்து பாடினாரே, அது? அதே வருடம் மார்ச்சில் யாழ்ப்பாண இசைவிழா நடந்தது. புத்தளத்தில் இருந்து ஆபிரிக்க வம்சாவளி மக்கள் வந்து ஆடிப் பாடினார்கள். அவர்களின் தாளம் எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிவிட்டுக் கைதட்டத் தொடங்கினார். பத்து நிமிடத்தில் அந்த வரிசை முழுக்க அதே தட்டு. அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள், லைவ் என்றால் என்ன என்று.

ஆனால் இவையெல்லாம் சும்மா. என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகச் சிறந்த கச்சேரி எது என்று கேட்டால் பதில் ஒன்றுதான். அதற்கு மைக் இல்லை, லைற் இல்லை, ரிக்கெற் இல்லை, மின்சாரமே இல்லை.

1993. எனக்குப் பதினாலு வயது. 1990இல் மின்சாரம் போனது போனதுதான். பற்றரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். படிப்பு ஜாம் போத்தல் விளக்கில். எங்கள் ஊர்க் கோயில் பூங்காவனத் திருவிழா அன்று உபயகாரர் எங்கிருந்தோ மண்ணெண்ணெய் தேடிப்பிடித்து, இரண்டே இரண்டு பெற்றோமாக்ஸ் கொளுத்தியிருந்தார். அந்த வெளிச்சத்தில் நாலு தவில், இரண்டு நாதஸ்வரம், ஒத்து, அதாவது விடாமல் சுருதி பிடிக்கிற குழல், அதை ஊத ஒரு கிழவர். நாதஸ்வரக்காரர் எங்கள் அயல்தான். நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளி தஞ்சாவூர்ப் பக்கம் திருவாவடுதுறையில் இருந்து வரவேண்டும், அந்தக் காலத்தில் எங்கே வருகிறது? இருந்த மூன்று பழைய சீவாளியை நூலால் இறுக்கிக் கட்டி, வாய்க்குள் வைத்து ஊறவைத்து ஊறவைத்துத்தான் வாசிப்பார். பகலில் கதைக்கும்போதும் கன்னத்துக்குள் ஒன்று இருக்கும். வெற்றிலை போட்டிருக்கிறார் என்று நான் கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணி தொடங்கினார். எனக்கு அப்போது கல்யாணி என்று தெரியாது. பக்கத்தில் இருந்த பெரியப்பா சொன்னார். மணலில் சப்பாணி கட்டி இருந்த சனம் அசையவில்லை. நல்லாய் விரிந்து வருகிற நேரம், வெளியில் நின்ற பொடியள் விசிலடித்தார்கள். "சகடை! சகடை!" யாழ்ப்பாணத்தில் அந்த வயதுக்காரருக்குச் சகடை என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: குண்டு போடுகிற விமானம். பெற்றோமாக்ஸ் மேல் ஈரச்சாக்கைப் போட்டார்கள். தவில் நின்றது. நாதஸ்வரம் நின்றது. சனம் பங்கருக்கும் மடப்பள்ளிச் சுவரடிக்கும் ஓடியது.

ஒத்து நிற்கவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன். அந்தக் கும்மிருட்டில் அந்தக் கிழவர் ஊதிக்கொண்டே இருந்தார். மூச்சு எங்கே எடுக்கிறார் என்று தெரியாத ஒரே சுருதி. சுவரடியில் இருந்து யாரோ பதறினார்கள்: "அப்பு, நிப்பாட்டணை, மேல கேக்கப் போகுது!" அந்தப் பயத்திலும் ஒரு பொம்பிளை களுக்கென்று சிரித்தது எனக்கு இப்போதும் கேட்கிறது. சகடை எங்கள் தலைக்கு மேலால் போய் எங்கேயோ போட்டுவிட்டுத் திரும்பியது. எங்கேயோ என்று லேசாக எழுதிவிட்டேன். அதுவும் ஒரு ஊர்தான்.

இருபது நிமிடம் இருக்கும். சாக்கை எடுத்தார்கள். ஓடின சனத்தில் முக்கால்வாசி திரும்பி வந்தது. நாதஸ்வரக்காரர் மேலே பார்க்கவில்லை, கீழே பார்க்கவில்லை, ஒத்தில் காதை வைத்து, விட்ட இடத்தில் பிடித்தார். அதே கல்யாணி, அதே மேல்ஸ்தாயி. பெரியப்பா ஆண்கள் அழக்கூடாது என்ற கட்சி. அன்றைக்குச் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பெயர் என்ன தம்பி? அது லைவ் இல்லையா? அல்லது வாணவேடிக்கை எதிரிக்கணக்கில் வந்தால் எண்ணக்கூடாதா?

இனி வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன். எப்படியும் பின்னூட்டத்தில் வருவீர்கள்.

"நீங்கள் ஒரு கர்நாடக சங்கீதப் பைத்தியம், சினிமாப் பாட்டென்றால் ஆகாது." ஐயா, நான் கண்ணன் கோஷ்டி, அருணா கோஷ்டி என்று எங்கள் ஊர் மெல்லிசைக் குழுக்களைக் கேட்டே வளர்ந்தவன். கோஷ்டிக்காகப் பத்து மைல் சைக்கிள் மிதித்து, விடிய வந்து அப்பாவிடம் அடி வாங்கினவன். எங்கள் பாடகர் எஸ்.ஜி. சாந்தன் கோயில் மேடையில் பாட ஏறினால் கச்சான் விற்கிற ஆச்சியும் வியாபாரத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். 2017இல் அந்த மனிதன் போனபோது நான் எழுதியதைப் பழைய பதிவுகளில் தேடிப் பாருங்கள். எனக்குச் சினிமாப் பாட்டோடு கோபம் இல்லை. சனிக்கிழமை நானும் எழும்பி ஆடினேன். ஒருவர் அதை வீடியோவும் எடுத்துப் போட்டிருக்கிறார், நன்றி.

"வெளிநாட்டுக் காசு வராட்டி இங்கே ஒன்றும் நடக்காது, வாயை மூடிக்கொண்டு ரசியுங்கள்." இதில் நியாயம் இருக்கிறது. என் மச்சானே அங்கிருந்து காசு அனுப்பித்தான் எங்கள் கோயில் மண்டபம் எழும்பியது. அவ்வளவு பெரிய மேடை, அவ்வளவு ஆட்களுக்குப் பயணச்செலவு, ஹோட்டல், எல்லாம் லேசுப்பட்ட வேலை இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காசில் நாலு பிளாஸ்ரிக் கதிரை வாங்க ஏலாமல் போனதா? தீர்மானத்துக்கு ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், எந்த வங்கியில் கடன் எடுத்துக் கொடுக்க வேண்டும்?

"அறிவிப்பாளர் சின்னப் பொடியன், விடுங்கோ அண்ணை." விட மாட்டேன்.

ஏன் விட மாட்டேன் என்றால், அவன் சொன்னது அவனுடைய சொந்த வசனம் இல்லை. அவனுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும். நாதஸ்வரமும் தவிலும் வளர்ந்த இணுவில் எங்கே, அளவெட்டி எங்கே, சாவகச்சேரி எங்கே என்று. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி என்று ஒரு தவில்காரர். 1975இல் காலமாகிவிட்டார், நாற்பது வயதைக் கொஞ்சம் தாண்டினவர். அந்தக் கை தமிழ்நாட்டில் பெரிய தவில் வித்துவான் நாச்சியார்கோயில் ராகவப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து வாசித்த கை. நான் பிறக்க முதலே போய்விட்டார், நான் கேட்கவில்லை. அப்பா கேட்டிருக்கிறார். அப்பாவிடம் அதைப் பற்றிக் கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார், சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டிக் காட்டப் பார்ப்பார், இரண்டு ஆவர்த்தனத்தில் பிழைத்துவிடும், "சே, அது வராது" என்று எழும்பிப் போய்விடுவார். அப்பாவின் விமர்சனக் கட்டுரை அவ்வளவுதான். மருதனார்மடம் இராமநாதன் இசைக் கல்லூரிக்குக் கர்நாடக சங்கீதப் பாடகர் மகாராஜபுரம் சந்தானம் அதிபராக இருந்த ஊர் ஐயா இது. நல்லூரில் என்.கே. பத்மநாதன் வாசிக்க, சப்பறத்தன்று சுவாமி பார்க்க வந்த சனம் சுவாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாதஸ்வரத்தைப் பார்த்து நின்றது. நான் நின்றேன். முருகன் கோபிக்கவில்லை.

இந்த ஊருக்குத்தான் முதன்முதலாக லைவ்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு கூட்டாளி போன் எடுத்துச் சொன்னான்: "மச்சான், பொடியன்ர வாயை நோண்டுறாய். எங்கட ஆக்கள் மேளகாரரை எப்பிடி வைச்சிருந்தவை எண்டதையும் எழுது." எழுதத்தான் வேண்டும். எழுத விருப்பமில்லை.

எங்கள் ஆச்சி நல்லவ. ஆனால் கல்யாணியால் ஊரை அழவைத்த அதே மனிதர் வீட்டுக்கு வந்தால், அவரைவிட இருபது வயது இளைய ஆச்சி "நீ" என்றுதான் கதைப்பா. அவர் விறாந்தைக்கு ஏற மாட்டார். படியில் இருப்பார். தேத்தண்ணி வேறு கிளாஸில் போகும். அந்தக் கிளாஸ் எங்கள் வீட்டில் தட்டின் மூலையில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். சின்ன வயதில் ஒருநாள் நான் அதில் தண்ணி குடித்துவிட்டு வாங்கின ஏச்சு எனக்கு ஞாபகம். கோயிலில் அவர் வாசித்தால் கண்ணீர், வீட்டுக்கு வந்தால் வேறு கிளாஸ். அவருடைய மகன் நாதஸ்வரத்தைத் தொடவில்லை. லண்டனில் பெற்றோல் செற்றில் வேலை செய்கிறான். ஏன் விட்டாய் என்று நான் ஒருமுறை கேட்டேன். "உங்கட வீட்டுப் படி ஞாபகம் இருக்கோ?" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

ஆகவே மேடைப் படியில் நிற்பாட்டின பொடியனுக்கு நான் என்னத்தைச் சொல்ல? அவனாவது மேடைப் படிவரை வரவிட்டான்.

இப்போது "பார்த்தீர்களா, நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள், பிறகு என்ன சத்தம்?" என்று ஒருவர் வருவார். ஓம், சத்தம்தான். முந்தி நாங்கள் அவர்களைப் படியில் இருத்தினோம், ஆனால் கச்சேரியை முழுதாகக் கேட்டோம். இப்போது கச்சேரியையும் கேட்பதில்லை. கலியாண வீட்டில் தாலி கட்டுகிற நேரம் கெட்டிமேளத்துக்கு மட்டும் ஒரு கையசைப்பு, மிச்ச நேரம் வீடியோக்காரன் "அண்ணை கொஞ்சம் தள்ளுங்கோ". போன வருடம் எங்கள் வீட்டுக் கலியாணத்திலும் அதுதான் நடந்தது. தள்ளச் சொன்னது நான். போட்டோவில் தவில் மறைக்கிறது என்று.

சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்து பதினொன்றரை இருக்கும், மோட்டார் சைக்கிள் எடுக்கப் போனேன். வான் ஒன்றின் பின்கதவைத் திறந்துவைத்து நாலு பேரும் பார்சல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தவில்காரர் சாப்பிட முதல் விரல் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு பழைய பால்மா ரின்னுக்குள் போட்டார். கழற்றின விரல்கள் வெளிறி, தோல் சுருங்கி, கனநேரம் தண்ணிக்குள் இருந்த மாதிரி. விருந்தினர் மேடையில் நின்ற இரண்டரை மணித்தியாலமும் அவர் அதைக் கழற்றவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"கடைசியில ஒருக்கா மேடைக்குக் கூப்பிடுவினம் எண்டு சொன்னவை தம்பி."

நான் ஏதோ சொன்னேன், வாசிப்பு நன்றாக இருந்தது ஐயா என்று. அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். பிறகு கேட்டார்: "தம்பி போனில எடுத்துக்கொண்டு நிண்டனீங்கள். வாசல்ல வாசிச்சது ஏதும் இருக்கோ? பேத்தி தவில் பழகுறாள். அவளுக்குக் காட்டலாம்."

பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்று நம்பர் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தேன். பதினொரு வீடியோ. முதலாவது இரவு எட்டு மணி இருபத்தெட்டுக்குத் தொடங்குகிறது. அறிவிப்பாளர் "யாழ்ப்பாணமே" என்கிற இடத்தில் இருந்து.

யாரிடமாவது ஏழு நாற்பதுக்கும் எட்டே காலுக்கும் இடையில், கிழக்கு வாசல் பக்கம் எடுத்த வீடியோ இருந்தால் இன்பொக்ஸில் போடுங்கள். கை நடுங்கி எடுத்திருந்தாலும் பரவாயில்லை. சத்தம் கேட்டால் போதும்.