முதலில் ஒரு கேள்வியாவது கேளுங்கள்

நேற்றைய நேரலையைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இரவெல்லாம் அது மனத்தை விட்டு அகலாததால் எழுதுகிறேன். பிரசவமாகி நான்கு மாதங்களான ஒரு பெண், தலை வாரும்போதெல்லாம் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வருகிறது, நெற்றியோரம் வெறுமையாகத் தெரிகிறது, பயமாக இருக்கிறது என்று எழுதிக் கேட்டிருந்தார். அதை வாசித்து முடித்த மறு நொடியே, நேரலையில் பதில் சொல்லிக்கொண்டிருந்த அழகுக்கலை நிபுணர், டென்ஷனைக் குறையுங்கள், எண்ணெய் மசாஜ் செய்யுங்கள், நன்றாகத் தூங்குங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். கைக்குழந்தைக்காரியிடம் நன்றாகத் தூங்கச் சொன்னதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். ஒரு கேள்விகூடத் திருப்பிக் கேட்காமல் பதில் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நடப்பது என்ன என்பது தெரியாத இரகசியம் அல்ல. நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வளரும் பருவத்திலும், சுமார் பத்தில் ஒரு பங்கு ஓய்வுப் பருவத்திலும் இருக்கும். ஓய்வு முடிந்தவை நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. கர்ப்ப காலத்தில் ஹார்மோன்கள் முடியை வளரும் பருவத்திலேயே பிடித்து வைக்கின்றன. பிரசவத்துக்குப் பின் அந்தப் பிடி தளர்ந்ததும் ஏராளமான முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதங்கள் கழித்து ஒன்றாக உதிரத் தொடங்குகின்றன. கடுமையான காய்ச்சல், அறுவை சிகிச்சை, திடீரென்று உடல் எடையைக் குறைத்தல் ஆகியவற்றுக்குப் பிறகும் இதுவே நடக்கும். ஆகவே, முடி கொட்டுகிறது என்று ஒருவர் சொன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மூன்று மாதங்களுக்கு முன் உங்கள் உடலுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான். அந்தப் பெண் கேட்பதற்கு முன்பே விடையைச் சொல்லியிருந்தார். அதையும் அந்த நிபுணர் காதில் வாங்கவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேட்காமல் சொல்லப்பட்ட ஓர் ஆலோசனையை என் முகத்தில் சுமந்தவள் நான். இரண்டு கன்னங்களிலும் மங்கு படர்ந்திருந்த காலத்தில், அழகுக்கலை நிபுணர் என்று பலரும் மதித்த ஒருவரிடம் போனேன். அவர் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். ஒரு சிறிய வெள்ளை டப்பாவைக் கையில் கொடுத்தார். அதில் பெயர் இல்லை, உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்ற குறிப்பு இல்லை. மூடியின் மேல் நீல மையில் ‘இரவு’ என்று மட்டும் எழுதியிருந்தது. பத்தே நாளில் கன்னம் பளிச்சென்று ஆனது, பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள், நானும் மகிழ்ந்துபோய் மூன்று மாதங்கள் தடவினேன். டப்பா தீர்ந்து ஒரு வாரம் ஆனபோது முகம் சிவந்து எரியத் தொடங்கியது. குளிர்ந்த நீரை அள்ளி முகத்தில் விட்டால்கூடத் தீப்பட்டதுபோல் இருந்தது. கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிந்தன. மங்கோ முன்பைவிட அடர்த்தியாகத் திரும்பி வந்தது.

தோல் மருத்துவர் அந்த டப்பாவைத் திறந்து பார்க்கக்கூட இல்லை. என்ன தடவினீர்கள், எத்தனை நாள், நிறுத்தியபோது என்ன ஆனது, கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்களா, வெயிலில் எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள், ஜன்னலோரம் உட்கார்ந்தா வேலை செய்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். புற ஊதாக் கதிர்களில் ஒரு வகை கண்ணாடியையும் ஊடுருவி வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஸ்டீராய்டு கலந்த களிம்பை நாள் கணக்கின்றி முகத்தில் தடவியதன் விளைவு இது என்று அவர் சொன்னபோது நான் அழுதுவிட்டேன். அந்த வெள்ளை டப்பாவைக் கொடுத்தவர் இவற்றில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதுமே என்ற எண்ணம் இன்றுவரை என்னை விடவில்லை.

இலவசமாகச் சொல்கிறார், அதிலும் குறை காண்பதா என்று ஒருவர் நேற்றே எழுதிவிட்டார். கேள்வி கேட்பதற்கும் காசு செலவாகாது. இதற்கு மேல் அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

எண்ணெய் மசாஜ் செய்துதான் எனக்கு முடி கொட்டுவது நின்றது என்று இன்னும் சிலர் சொல்கிறீர்கள். இதற்குப் பொறுமையாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நீங்கள் பொய் சொல்லவில்லை. இந்த வகை உதிர்வு பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே குறைந்துவிடும். அந்த மாதங்களில் எதைத் தடவியிருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். மசாஜ் இதமாக இருக்கும், எண்ணெய் முடி உலர்ந்து உடைவதைக் குறைக்கும்; அந்த அளவுக்கு நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே உதிர்வு இரும்புச்சத்துக் குறைவாலோ தைராய்டு கோளாறாலோ வந்திருந்தால், எண்ணெயை நம்பிக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பெண்ணுக்கு நஷ்டம்தான். எது எதனால் வந்தது என்று கேட்காமல் எப்படித் தெரியும்?

எல்லாவற்றுக்கும் மருத்துவரிடம் ஓட முடியுமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஓட வேண்டாம். ஹேர் டை போடுவதற்கு 48 மணி நேரம் முன்பு அதில் சிறிதைத் தோலில் தடவிப் பார்க்கச் சொல்வதற்கும், எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசி வெயிலில் போனால் தோல் புண்ணாகிக் கருக்கும் என்று எச்சரிப்பதற்கும், சன்ஸ்கிரீனை வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும் என்று நினைவூட்டுவதற்கும் நல்ல அழகுக்கலை நிபுணரே போதும். அப்படிப்பட்டவர்களை நான் அறிவேன், மதிக்கிறேன். என் அக்காளின் பின்கழுத்தில் இருந்த கருமையைத் தேய்த்துப் போக்க மறுத்து, சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியவரும் ஒரு பார்லரில் வேலை செய்பவர்தான். அவரும் முதலில் கேள்விதான் கேட்டார்.

இந்த ‘டென்ஷன்’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முடி கொட்டினால் டென்ஷன், பரு வந்தால் டென்ஷன், கண்ணைச் சுற்றிக் கருத்தால் டென்ஷன். மன அழுத்தத்துக்கு இவற்றில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் காரணம் தேடும் வேலையை இந்த ஒரு சொல்லால் முடித்துக்கொண்டு, பழியைக் கேட்டவளின் மேலேயே இறக்கி வைக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். மன அமைதி அவ்வளவு முக்கியம் என்றால் வழியையும் சொல்ல வேண்டும் அல்லவா? ஒவ்வொரு தசையாகச் சில நொடிகள் இறுக்கி மெதுவாகத் தளர்த்தும் பயிற்சியை எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களிலேயே வகுத்துவிட்டார். குழந்தை தூங்கும் பத்து நிமிடத்தில் படுத்தபடியே செய்யலாம். அதைச் சொல்ல எவ்வளவு நேரமாகியிருக்கும்? இத்தனை பேர் பார்க்கும் இடத்தில் தன் பயத்தைச் சொல்லத் துணிந்தவளுக்கு அந்த ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

நேற்றுக் கேட்ட அந்தப் பெண்ணின் கண்ணில் இது படும் என்று நம்பி எழுதுகிறேன். பிரசவத்துக்குப் பிந்தைய உதிர்வு நான்காம் மாதத்தை ஒட்டித்தான் உச்சத்தில் இருக்கும்; பெரும்பாலானோருக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் பழைய அடர்த்தி திரும்பிவிடும். உங்கள் நெற்றியோரத்தில் குட்டையாக, நிமிர்ந்து நிற்கும் புதுமுடிகள் தெரிகின்றனவா என்று கண்ணாடியில் பாருங்கள். பிரசவத்தின்போது இரத்தப்போக்கு அதிகமாக இருந்ததா? படியேறினால் மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு படபடக்கிறதா? ஆம் என்றால் இரத்தத்தில் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பரிசோதித்துவிடுங்கள். வட்ட வட்டமாக வழுக்கை விழுந்தாலோ, ஓராண்டு கழித்தும் கொட்டினாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். பால் கொடுக்கிறீர்களா என்று அவர் கேட்பார். கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.