இறந்தவர்கள் தேவதூதர்கள் ஆவதில்லை

வேலூர் கோட்டையைப் பற்றிய பேச்சில், “செத்தவர்கள் சம்மனசாகிவிடுவார்கள் (தேவதூதராகிவிடுவார்கள்) என்று பைபிளே சொல்கிறது, முஸ்லிம்களுக்குத் தேவதூதர்கள் மேல் நம்பிக்கையே கிடையாது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே பிழை.

பெரும்பாலோர் ஆதாரமாகக் காட்டுவது மத்தேயு 22:30. அங்கே உயிர்த்தெழுதலில் மனிதர்கள் திருமணமின்றி ‘தேவதூதரைப்போல்’ இருப்பார்கள் என்றுதான் இருக்கிறது. போல் இருப்பது வேறு, ஆகிவிடுவது வேறு. தமிழ் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எபிரெயர் 1:14 தூதர்களைப் பணிவிடை ஆவிகள் என்கிறது. அவர்கள் தனிப் படைப்பு. குழந்தையை இழந்த தாயிடம் “உன் பிள்ளை சம்மனசாகிவிட்டது” என்று சொல்வது ஆறுதல் மொழி. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் அது வசனம் அல்ல.

அடுத்தது இன்னும் வியப்பு. ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ எந்தப் பள்ளிவாசல் வாசலில் நின்று கேட்டாலும் சொல்வார்கள்: மலக்குகளை, அதாவது வானவர்களை, நம்புவது ஈமானின் (இறைநம்பிக்கையின்) அடிப்படைகளில் ஒன்று. நபிகளிடம் இறைச்செய்தியைக் கொண்டுவந்தவர் ஜிப்ரீல் என்ற வானவர். லூக்கா முதல் அதிகாரத்தில் மரியாளிடம் வந்த காபிரியேலும் அவர்தான். இரண்டு, மூன்று, நான்கு சிறகுகளுடைய வானவர்களைக் குர்ஆன் 35:1 குறிப்பிடுகிறது.

கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலும் மசூதியும் தேவாலயமும் இருக்கும் ஊர்க்காரர் இப்படி எழுதியதுதான் எனக்கு வருத்தம்.