பிக்கப் பெட்டியை மழையில் வைக்கக் கூடாதாம்

"சார், பெட்டிய மழையில வைக்காதீங்க. வண்டிய ஷெட்டுக்குள்ள நிறுத்துங்க." வாங்கின பெட்டிக்குள் தண்ணீர் இறங்குகிறதே என்று விற்றவனிடம் கேட்டதற்கு, இன்று காலை எனக்குக் கிடைத்த பதில் இதுதான். பிக்கப் பாடியில் வைக்கிற டூல்ஸ் பெட்டி என்று விளம்பரம், பாடியில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிற மாதிரி படம், முழுப் பணமும் முன்கூட்டியே. எல்லாம் முடிந்த பிறகு மழையில் வைக்காதே என்கிறான். மேலே கூரை இல்லாத வண்டிக்குத்தானே ஐயா பெட்டி கேட்டேன்? கூரை இருந்தால் சாமான்களைச் சாக்கில் கட்டிப் போட்டுக்கொண்டு போயிருப்பேனே, உன்னிடம் எதற்கு வருகிறேன்?

வீடு கம்பத்தில். மோட்டார் வேலை. பாதிக்கு மேல் வேலை மெட்டுக்கு, அதாவது மலைக் கணவாய்க்கு அந்தப் பக்கம், கேரள ஏலத்தோட்டங்களில். ஜூன் பிறந்தால் கீழே எங்களுக்குச் சாரல்தான். கம்பம்மெட்டு தாண்டினால் கொட்டு கொட்டென்று கொட்டும், செப்டம்பர் வரைக்கும் விடாது. பம்ப் ரிப்பேர் ஆவதும் அந்த மழையில்தான், ஸ்டோர் ரூமில் ஏலக்காய் காய வைக்கிற ஃபேன் மோட்டார் புகைவதும் அந்த மழையில்தான். தோட்டக்காரர் போன் போட்டால் வெயில் வரட்டும் என்று சொல்ல முடியுமா? இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிக்கப் வைத்துத் தொழில் பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்த கதை.

போன வாரம் கம்பம்மெட்டு எக்சைஸ் சோதனைச் சாவடியில் நடந்ததைச் சொல்கிறேன். அதைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

விடிகாலை. நல்ல மழை. வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கிற நேரம். அதிகாரி கை காட்டினார், நிறுத்தினேன். "பெட்டியில் என்தா?" என்றார். ஸ்பேனர், பேரிங், மோட்டார் சாமான் என்றேன். "துறக்கு" என்றார், திற என்று. அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை, பூட்டின பெட்டியைத் திறந்து பார்ப்பது அவர் வேலை. சாவியைப் போட்டேன். திரும்பியது. அதுவரைக்கும் சந்தோஷம். மூடி வரவில்லை.

இழுத்தேன். வரவில்லை. சாவியை மறுபடி பூட்டி, மறுபடி திறந்து இழுத்தேன். வரவில்லை. மூடியின் நடுப்பகுதி குழிந்து, அதில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. மூடி குழிந்தால் விளிம்பு தூக்கிக்கொள்ளும், விளிம்பு தூக்கினால் பூட்டின் நாக்கு தகட்டில் மாட்டிக்கொள்ளும். அந்த மூடி எதனால் குழிந்தது தெரியுமா? முந்தின நாள் லோடு இறக்க வந்த தம்பி அதன்மேல் ஒரு காலை வைத்து ஏறினான். ஒரே ஒரு கால்! பிக்கப்பில் லோடு ஏற்றுகிறவன் பெட்டி மேல் கால் வைக்காமல் பறந்தா ஏறுவான்? பெட்டி செய்கிறவன் ஒரு நாளாவது ஒரு லோடு ஏற்றுவதை நின்று பார்த்திருக்க வேண்டாமா?

பின்னால் ஹாரன். முதல் ஜீப் டிரைவர் இறங்கி வந்தார். "அண்ணே, ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்புங்க" என்றார். ஸ்க்ரூ டிரைவர் பெட்டிக்குள் இருக்கிறது. இரண்டாவது ஜீப்பிலிருந்து ஒருவர் இறங்கி, "அடியில தட்டுங்கண்ணே, வரும்" என்றார். சுத்தியலும் பெட்டிக்குள்தான். ஜீப்புக்குள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, "ஏப்பா, எங்களுக்குக் கங்காணி ஏசுவாரு, சீக்கிரம் ஆகட்டும்" என்றார். அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. லேட்டானால் அவர்களுக்கு அன்றைய கூலியில் பிரச்சினை. யாரோ ஒருத்தன் தகட்டில் மிச்சம் பிடித்ததற்கு இவர்கள் ஏன் மழையில் காத்துக் கிடக்க வேண்டும்? அதிகாரியே கடைசியில் குடையை என்மேல் பிடித்துக்கொண்டு நின்றார். ஜீப்பிலிருந்து ஒரு டயர் லீவர் வந்தது. நெம்பினோம். நாக்கு வளைந்து, மூடி திறந்தது.

உள்ளே பார்த்தால் நாலு விரல் தண்ணீர். 6204 பேரிங், 6205 பேரிங், பெட்டி பிரிக்காத புதுச் சரக்கு, அட்டை ஊறிப்போய்ப் பழுப்பாக நிற்கிறது. மெக்கானிக்கல் சீல் மிதக்கிறது. கெப்பாசிட்டர் போச்சு. மோட்டாரின் இன்சுலேஷனைச் சோதிக்கிற மெகர் மீட்டர் போச்சு. மெகர் என்ன விலை என்று வைத்திருக்கிறவனுக்குத்தான் தெரியும். அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகச் சொன்னார்.

தண்ணீர் எப்படி இறங்கியது என்று வீட்டுக்கு வந்து பார்த்தேன். மூடியின் ஓரம் கீழ்நோக்கி மடிக்கப்படவே இல்லை, தட்டையாக மேலே உட்கார்ந்திருக்கிறது. மூடியின் மடிப்பு பெட்டிக்கு வெளியே இறங்க வேண்டும், பெட்டியின் வாய் உள்ளே மேல்நோக்கி நிற்க வேண்டும், நடுவில் பீடிங் என்கிற ரப்பர் பட்டை அமுங்க வேண்டும். இது ராக்கெட் வேலையா? நம்மூர்ப் பட்டறையில் ட்ரங்குப் பெட்டி அடிக்கிறவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கே பீடிங்கைக் கம்மில் ஒட்டியிருக்கிறான், அது முதல் மழைக்கே தொங்கிவிட்டது. சரி, தண்ணீர் உள்ளே வந்துவிட்டது, வெளியே போக அடியில் ஒரு ஓட்டையாவது? கிடையாது.

"வாட்டர் ப்ரூஃப்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எந்த நம்பர் என்று நான் அன்றே கேட்டேன். இதற்கென்று ஐ.பி. நம்பர் இருக்கிறது. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐ.பி. 65 என்றால் குழாயால் தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்க வேண்டும். ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் முங்கிக் கிடந்தாலும் தாங்க வேண்டும். நம்பர் கேட்டதற்கு வந்த பதில், "நம்பர்லாம் இல்ல சார், சூப்பர் குவாலிட்டி."

தகடு விஷயம் இதைவிட மோசம். "16 கேஜ் ஹெவி" என்றான். கேஜ் நம்பர் ஏற ஏறத் தகடு மெலியும். 16 கேஜ் என்றால் சுமார் 1.6 மில்லிமீட்டர், 18 என்றால் 1.2, 22 என்றால் 0.7. வெளியே இருந்து பார்த்தால் பெயிண்டுக்கு அடியில் எல்லாம் ஒன்றுதான். ஆனால் எடை பொய் சொல்லாது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள பெட்டிக்கு மூடியோடு சேர்த்து இருபத்தெட்டரை சதுர அடி தகடு வேண்டும். 1.6 மில்லி இரும்பு என்றால் தகடு மட்டும் 33 கிலோ பக்கம் வரும். 1.2 என்றால் 25 கிலோ. 0.7 என்றால் 15 கிலோகூட வராது. எனக்கு வந்த பெட்டியை மளிகைக்கடைத் தராசில் ஏற்றினேன், பூட்டு கீல் எல்லாம் சேர்த்து 16 கிலோ. பாதிக்குப் பாதி தகடு எங்கே போயிற்று? வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து எடையைக் கேளுங்கள். எடை சொல்ல மாட்டேன் என்கிறவனிடம் வாங்காதீர்கள்.

அலுமினியம் என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். அலுமினியம் நல்லதுதான், இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடை, துருப் பிடிக்காது. கையில் ஒரு காந்தம் கொண்டு போங்கள். செக்கர் பிளேட் டிசைன் போட்டு வெள்ளி பெயிண்ட் அடித்த தகரத்தில் காந்தம் போய் ஒட்டும். அசல் அலுமினியமே வாங்கினாலும் சாதா இரும்பு போல்ட்டைப் போட்டு முடுக்கினால், ஈரத்தில் இரண்டு உலோகமும் சேர்ந்து போல்ட்டைச் சுற்றி அலுமினியத்தை அரித்துவிடும். நடுவில் நைலான் வாஷர் போட வேண்டும். இதை எந்தக் கடைக்காரராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

இதற்கு முன்னால் ஒரு பெட்டி பார்த்தேன், "அனைத்து பிக்கப்களுக்கும் பொருந்தும்" என்று. படத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, அது அமெரிக்க வண்டிக்கானது. அங்கே பிக்கப்பின் பாடிக்கு இரண்டு பக்கமும் அசையாத சுவர், சக்கர மேடு பாடிக்கு உள்ளேயே துருத்திக்கொண்டு நிற்கும். ஃபோர்டு எஃப்-150 மாதிரி பெரிய வண்டியில் அந்த இரண்டு மேட்டுக்கும் நடுவில் நாலடிக்கு மேல் இடம் இருக்கும், நாலுக்கு எட்டு பிளைவுட் அப்படியே படுத்துக்கொள்ளும். பெட்டி அந்தச் சுவர்கள் மேல் குறுக்கே உட்கார்ந்து, கொக்கி கிளாம்ப்பில் பிடித்துக்கொள்ளும். அவர்களுக்கு அது சரியான அமைப்பு. நம்ம பொலிரோ பிக்கப்புக்கும் அசோக் லேலண்ட் தோஸ்துக்கும் தட்டையான தளம், சைடு டோர் கீழே இறங்கும். இறங்குகிற டோர் மேல் பெட்டியைத் தொங்கவிட்டால் டோரை எப்படித் திறப்பது? அமெரிக்க வண்டி மாதிரியே அசையாத சுவர் உள்ள இசுசு வி-கிராஸ் வைத்திருப்பவர் வேண்டுமானால் அளவெடுத்துப் பார்க்கலாம். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று எழுதுகிறவன் ஒரு வண்டியிலாவது டேப் பிடித்துப் பார்த்தானா?

நமக்கு வேண்டியது கேபினை ஒட்டித் தளத்தில் உட்கார்ந்து, அடியில் இருக்கிற குறுக்குச் சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்குகிற பெட்டி. வெறும் தளத் தகட்டில் ரிவெட் அடித்தால் மெட்டு வளைவுகளில் ஆடி ஆடியே கழன்றுவிடும். மூடியைத் தூக்கினால் கேபினுக்குப் பின்னால் இருக்கிற தடுப்புக் கம்பியில் இடிக்காமல் முழுசாகத் திறக்க வேண்டும். கப்போர்டுக்குப் போடுகிற குட்டிப் பூட்டு வேண்டாம், அதற்கு எந்தச் சாவியைப் போட்டாலும் திறக்கிறது. கனமான நாதாங்கியும் நல்ல பூட்டும் போதும். துருப் பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு அதன் மேல் பெயிண்ட். இவ்வளவுதானே? இதைச் செய்துகொடுத்தால் கேட்கிற காசைக் கொடுக்க நான் தயார். என் தொழிலே அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. நான் காசில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை, அவன் தகட்டில் பார்க்கிறான்!

கட்டப்பனையில் ஒரு பட்டறைச் சேட்டன் செய்து தருகிறேன் என்றிருக்கிறார். தகட்டை வெட்டுவதற்கு முன்னால் காட்டுகிறேன், நீங்களே அளந்து பாருங்கள் என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே அவருக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம்.

அப்புறம், அவரைப் பார்க்க நாளைக்கே கிளம்பலாம் என்று பெட்ரோல் பங்க்கில் காற்று பிடிக்கப் போனால், மெஷின் ரிப்பேர். அடுத்த பங்க்கில் மெஷின் ஓடுகிறது, ஆனால் காற்று பிடிக்கிற தம்பி சாப்பிடப் போயிருக்கிறாராம். இன்னொரு இடத்தில் டியூபின் முனையே இல்லை. "காற்று இலவசம்" போர்டு மட்டும் மூன்று இடத்திலும் புத்தம் புதுசாகத் தொங்குகிறது. பின் டயர் இரண்டும் இறங்கிக் கிடக்கிறது, விடிந்தால் லோடோடு மெட்டு ஏற வேண்டும், நான் யாரிடம் போய்க் காற்று பிடிப்பது?