நாகையாவை அப்பா வேஷக்காரர் ஆக்கிய நம்ம மேடை

ஞாயிற்றுக்கிழமை ஆந்திர எல்லையில் உள்ள நம்ம நகரி விழாவில் நடந்ததை எல்லாரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். "பழைய படத்துல அப்பாவா வந்து அழுவாரே, அந்த நாகையா." அறிமுகம் அவ்வளவுதான். கைதட்டல் வேறு!

சித்தூர் நாகையா இசையமைப்பாளர் ஐயா. படம் இயக்கியவர். 1939இல் 'வந்தே மாதரம்' படத்துக்கு நாயகனும் அவர்தான், இசையும் அவர்தான். 'பக்த போதனா'விலும் அப்படியே. 1946 'தியாகய்யா'வில் தயாரிப்பு, இயக்கம், இசை, நடிப்பு நாலும் அவர். இதில் அப்பா வேஷம் எங்கே வந்தது?

குண்டூர் பக்கம் பிறந்தவருக்குச் சித்தூர் பெயர் ஒட்டிக்கொண்டது நம்ம ஊர் ராமவிலாச சபா நாடகங்களால்தான். எங்க தாத்தா புத்தூர் பக்கம் திருவிழா நாடகங்களுக்கு ஹார்மோனியம் வாசித்தவர். மைக் இல்லாத காலம். அஞ்சு கட்டை என்கிற உச்ச சுதியில் எடுத்தால்தான் கடைசி வரிசைக்குக் கேட்கும், பத்யத்தை, அதாவது தெலுங்கு நாடகச் செய்யுளை, இழுத்துப் பாடினால்தான் ஒன்ஸ்மோர் விழும் என்பார். அந்த மேடையிலிருந்து வந்த மனுஷன், சினிமா மைக் முன்னால் தொண்டையை அடக்கி, சொல் புரிகிற மாதிரி பாடினார். 'பக்த போதனா' பாட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். இழுத்துப் பழகினவனுக்கு அடக்குவது லேசா?

"அப்பா வேஷமும் போட்டார்தானே?" போட்டார். யார் இல்லை என்றது? பிற்காலத்தில் கையில் காசு நிற்காமல், கிடைத்த வேஷத்தை எல்லாம் போட்டார். அந்தக் கஷ்டகாலத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஆளை அடையாளம் காட்டுவது என்ன நியாயம்?

"ரெண்டு நிமிஷ அறிமுகத்துக்கு இவ்வளவு ஆத்திரமா?" அந்த ரெண்டு நிமிஷத்தில் நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் எல்லாம் இனிஷியலோடு வந்ததே!

அப்புறம் அந்த இன்னொரு கேள்வி. "தெலுங்குக்காரருக்குத் தமிழ்க்காரன் நீ ஏன் கொடி பிடிக்கிற?" இதற்குத்தான் தூக்கம் வரவில்லை. திருவையாற்றில் உட்கார்ந்து தெலுங்கில் பாடியவர் தியாகராஜர். அவர் கதையைப் படமாக்கியவர், 'அசோக்குமார்' படத்தில் பாகவதரோடும் 'மீரா'வில் எம்.எஸ். அம்மாவோடும் தமிழில் நடித்தவர், 'என் வீடு' என்று தமிழிலும் இயக்கியவர் நாகையா. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நாம் ஆந்திரப் பக்கம் நின்றோம். கோடு போட்டவர்கள் பாட்டையும் பங்கு பிரித்தார்களா? இங்கே தெலுங்குக்காரர்களுக்கு நான் அரவம், அதாவது தமிழன்; எல்லை தாண்டினால் தமிழர்களுக்கு நான் ஆந்திராக்காரன். யாருக்காகப் பேசலாம் என்று எனக்கு ஒரு பட்டியல் போட்டுக் கொடுங்களேன்.

1965இல் பத்மஸ்ரீ. சென்னை பனகல் பார்க்கில் சிலை. மெட்ராஸ்காரனுக்குத் தெரிந்த மரியாதை நமக்குத் தெரியவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடப்போவதில்லையாம். ரொம்ப சந்தோஷம். மேடையில் அலங்காரத்துக்கு வைத்தீர்களே, அந்த ஹார்மோனியம் எங்க தாத்தாவுடையது. அதை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.