மாவுக்கட்டுப் படமும் கிட்டியும்

"தப்பி ஓடும்போது வழுக்கி விழுந்தார்" என்ற வரியோடு, போலீஸ் பிடித்தவரின் மாவுக்கட்டுக் கை படம் ஒன்று வந்தால் போதும், டைம்லைன் முழுக்கக் கொண்டாட்டம். நானும் ஒரு காலத்தில் சிரிப்பு ஸ்மைலி போட்டவன்தான். சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் 1855 அறிக்கையைப் படித்த பிறகு கை வரவில்லை.

அன்று வரி வசூலித்தவரும் திருடனைப் பிடித்தவரும் ஒரே ஆட்கள். குடியானவனிடம் வரிப்பாக்கி கறக்கவும் கிட்டி, சந்தேகத்தில் பிடித்தவனிடம் வாக்குமூலம் கறக்கவும் அதே கிட்டி. இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிப்பார்கள். அந்த அறிக்கை கிளப்பிய சூட்டில்தான் போலீஸ் தனித் துறையாகப் பிரிந்தது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1861 குற்ற நடைமுறைச் சட்டம் சொன்னது. 1872 சாட்சியச் சட்டத்தில் அது 25ஆவது பிரிவானது. வெள்ளைக்காரன் தன் போலீசையே நம்பவில்லை, நாம்தான் நம்புகிறோம்!

ஆனால் கூடவே 27ஆவது பிரிவையும் வைத்தான். கைதானவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அதைப் பொறுத்தமட்டில் அவர் சொன்னது செல்லும். ஸ்டேஷன் மொழியில் 'ரெகவரி'. கத்தியோ நகையோ கிடைத்துவிட்டால் வழக்குக்கு உயிர் வந்துவிடும். அடி உள்ளே நுழைவது இந்த வாசல் வழியாகத்தான் என்பது என் கருத்து. அடித்து வாங்கியது என்றால், தனக்கெதிராகச் சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசமைப்பின் 20(3) தடுக்கும், சரி. அடித்தார்கள் என்று யார் நிரூபிப்பது? அறைக்குள் இருந்தது அவரும் அவர்களும்தானே.

காவலில் இருந்தவர் உடம்பில் காயம் இருந்தால், அது போலீஸ் செய்ததென்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் எனச் சட்ட ஆணையம் தன் 113ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 114பி என்று பிரிவு எண்கூடக் கொடுத்தது. வருடம் 1985. 2023இல் சாட்சியச் சட்டத்தையே புதிதாக எழுதினார்கள். 25, 27 இரண்டும் 23ஆவது பிரிவுக்குள் பத்திரமாகக் குடியேறின. 114பிக்கு மட்டும் இடமில்லை.

நடுவில் கைது விதிமுறைகளை வகுத்த டி.கே. பாசு வழக்கு, போலீஸ் சீர்திருத்தம் பற்றிய பிரகாஷ் சிங் வழக்கு எல்லாம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தன. போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கும் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை தாங்க வேண்டும் என்றது பிரகாஷ் சிங் வழக்கின் 2006 தீர்ப்பு. தமிழ்நாட்டின் 2013 சட்டமோ மாநிலத்தில் உள்துறைச் செயலாளரையும் மாவட்டத்தில் கலெக்டரையும் உட்கார வைத்தது. 1855 அறிக்கைக்குப் பிறகு பிரித்த வருவாய்த் துறையும் போலீசும் மறுபடி ஒரே மேசையில்!

உருப்படியாக வேலை செய்தது குற்ற நடைமுறைச் சட்டத்தின் 2005 திருத்தம் என்பேன். லாக்கப் மரணத்தை ஆர்.டி.ஓ.வுக்கு (வருவாய்க் கோட்டாட்சியர்) பதில் நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும் என்றது அது. 2020இல் தந்தையும் மகனும் போலீஸ் அடியில் இறந்த வழக்கில், சாத்தான்குளம் ஸ்டேஷனுக்குள் ஒரு மாஜிஸ்திரேட் போய் உட்கார்ந்தது அதனால்தான். அங்கே சிசிடிவி பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. அவர்களை அடித்த அந்த இரவில் நடந்ததைச் சொன்னது கேமரா அல்ல, பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். சொன்ன வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவே அவர் பயந்தார்.